இரண்டே மணி நேரம்!

சென்னையிலிருந்து பம்பாய்க்கு எவ்வளவு தூரம் என்று யாராவது என்னைக் கேட்டால், சட்டென்று பதில் சொல்ல எனக்கு வருவதில்லை. "எந்தக் கோலால் அளந்து சொல்லட்டும்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு விழிப்பேன். கேட்டவரும் விழிப்பார். எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டதால் மனிதருக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டு, அவர் வேறு பேச்சை எடுப்பார்.

உண்மையில் என் புத்தி நேராகத்தான் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு என்னிடம் வெகு காலமாக மூன்று பதில்கள் இருந்தன. பூகோள உருண்டை சொல்வது ஒன்று. ரயில்வே கால அட்டவணை சொல்வது ஒன்று. விமானக் கம்பெனியார் சொல்வது ஒன்று. 2023-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் என் தமக்கை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே நாலாவது கோல் ஒன்றை எடுத்து நீட்டினாள். அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதல் மூன்றையும் சொல்லாமல் நாலாவதற்குப் போனால் நேயர்களுக்கு விளங்காது. ஆகையால் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பம்பாய் 1995-இலும் மதராஸ் 1996-இலும் உத்தியோகபூர்வமாகப் பெயர் மாற்றிக்கொண்டன. மும்பை என்றும் சென்னை என்றும் சொல்வதுதான் இன்று முறை. ஆனால் மாதுங்காவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்துவரும் என் அக்காவுக்கு அது இன்னமும் பம்பாய்தான். மும்பை என்று நான் எழுதினால், "அது எந்த ஊர்?" என்று கேட்டாலும் கேட்பாள். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் அவளுடைய பேச்சுப்படியே போகிறேன்.

முதலில் பூகோள உருண்டை. என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் வாங்கிய உருண்டை ஒன்று அலமாரியின் மேல் இருக்கிறது. அதில் சென்னையின் மீது நூலின் ஒரு நுனியையும் பம்பாயின் மீது மற்றொரு நுனியையும் வைத்துத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்தால், அந்த நூல் போகிற வழிதான் இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய வழி. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே அந்த நூலின் நீளம் ஏறக்குறைய 1,030 கிலோமீட்டர். பழைய கணக்கில் 640 மைல். மலையும் நதியும் அதைத் தடுப்பதில்லை. நாம் காலால் நடக்கிற பூமியில் அப்படிப்பட்ட வழி கிடையாது.

ரயில் பாதை இவ்வளவு நேர்மையாகப் போகவில்லை. அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பை, குண்டக்கல், ராயச்சூர், வாடி, சோலாப்பூர், பூனா என்று ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு, ஏறக்குறைய 1,280 கிலோமீட்டர் ஓடித்தான் பம்பாய் சேர்கிறது. பம்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனியும் சென்னைப் பக்கத்திலிருந்து மற்றொரு கம்பெனியும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளங்கள் 1871-ஆம் வருஷம் ராயச்சூரில் ஒன்றையொன்று சந்தித்தன. சரியாக நூறு வருஷம் கழித்து, 1971-இல், என் அக்காவுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் உத்தியோகம். "அவ்வளவு தூரத்திலா பெண்ணைக் கொடுப்பது?" என்று என் தாயார் கண்ணைக் கசக்கினாள். "ராத்திரி ரயில் ஏறினால் தானாகக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. இதில் என்ன தூரம்?" என்றார் என் தகப்பனார். அப்படிச் சொன்னவர்தான் அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகு இரண்டு நாள் ஒருவரோடும் பேசவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் பம்பாய் யாத்திரை எங்கள் வீட்டில் ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. தை பிறந்ததுமே ஆயத்தம் தொடங்கும். மாசியில் மாவடு, பங்குனியில் வடாம், அப்பளம், சித்திரையில் முறுக்கும் தேன்குழலும் தகர டின்களில் ஏறிக்கொள்ளும். இரவு சென்ட்ரல் ஸ்டேஷனில் மெயிலில் ஏறினால், குண்டக்கல்லில் காலைக் காபி. துங்கபத்திரை, கிருஷ்ணை, பீமா என்று ஒவ்வொரு நதியையும் தாண்டும்போது என் தாயார் காலணா, அரையணாக்களைச் சேமித்து வைத்திருந்த பழைய சுருக்குப் பையிலிருந்து காசு எடுத்து ஜன்னல் வழியாக எறிந்து கும்பிடுவாள். சாயங்காலம் சோலாப்பூரில் போர்வை விற்பவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் வந்து நிற்பார்கள். பூனாவைத் தாண்டி மலைச் சரிவில் குகை குகையாக வண்டி நுழைந்து இறங்கும்போது நான் தூங்கிப் போயிருப்பேன். தாதர் ஸ்டேஷன் வந்ததும் தகப்பனார் தட்டி எழுப்புவார். அந்த அகால வேளையிலும் பிளாட்பாரத்தில் அக்கா நின்றுகொண்டிருப்பாள். தலை வாரிப் பின்னிப் பூ வைத்துக்கொண்டு, அத்திம்பேருக்கு இரண்டடி முன்னால் நிற்பாள்.

போக ஓர் இரவும் ஒரு பகலும் மறுபடி பாதி இரவும்; வரவும் அப்படியே. இவ்வளவு சிரமப்பட்டுப் போய்விட்டு நாலாம் நாள் திரும்புகிற மனிதர் உண்டோ? பதினைந்து நாளாவது இருந்துவிட்டுத்தான் வருவோம். மாதுங்காவில் இரண்டே அறைகளில் ஒன்பது பேர் படுத்துக்கொண்டு, நடு நிசி வரையில் பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம்.

அந்த நாளில் எங்கள் குடும்பத்தில் ஆகாய விமானப் பிரயாணம் செய்தவை கடிதங்கள் மட்டுமே. 1949-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் இரவு விமானத் தபால் என்ற ஏற்பாடு நம் தேசத்தில் ஆரம்பமாயிற்று. டில்லி, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நாகபுரியில் நடு நிசிக்குச் சந்தித்து, மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடியுமுன் திரும்பிவிடும். என் தாயார் மாவடு ஊறியதா என்று கேட்டு எழுதிய கடிதமும், ஊறியது ஆனால் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று அக்கா எழுதிய பதிலும் அந்த வழியே போயும் வந்தும் இருக்க வேண்டும். எழுதினவர்கள் மூன்றாம் வகுப்பில் போக, எழுதிய காகிதம் ஆகாயத்தில் போயிற்று!

விமானத்துக்கும் தபாலுக்கும் உள்ள இந்த உறவு அதற்கும் முந்தியது. 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி, இந்தியாவில் பெற்ற முதல் விமானி லைசென்ஸுக்குச் சொந்தக்காரரான ஜே. ஆர். டி. டாட்டா, ஒற்றை இஞ்சின் கொண்ட சிறிய 'பஸ் மாத்' விமானத்தில் கராச்சியிலிருந்து தாமே ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். விமானத்தில் இருந்த சரக்கு 25 கிலோ கடிதங்கள். ஆமதாபாத்தில் இறங்கியபோது அதற்கு வேண்டிய பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தனவாம். அன்று மத்தியானமே அவர் பம்பாயில் ஜூஹு மைதானத்தில் இறங்கினார். அங்கிருந்து தபாலை நெவில் வின்ட்ஸென்ட் என்ற விமானி ஏற்றுக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார். பல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். பூகோள உருண்டையில் நான் பிடித்த நூலுக்குப் பக்கத்திலேதான் பல்லாரி இருக்கிறது. எங்கள் குண்டக்கல்லும் அதற்கு வெகு தூரமில்லை. அந்த விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 100 மைல். ஒரே மூச்சாகப் பறந்திருந்தால் பம்பாயிலிருந்து சென்னைக்கு ஆறரை மணி நேரம். இருட்டில் பறக்க வழியில்லாத காலமாகையால் இரண்டு நாளாயிற்று. ஆயினும் அந்த நாளில் அது ஓர் அதிசயந்தான். பிற்காலத்தில் ஏர் இந்தியா என்று வளர்ந்ததற்கு அதுவே விதை.

விதை ஊன்றி எழுபது வருஷமான பிறகும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த மரத்தின் நிழல் கிட்டவில்லை. 1953-இல் விமானக் கம்பெனிகள் எல்லாம் தேசத்தின் சொத்தாயின. 1994-இல் அந்தச் சட்டம் நீங்கித் தனியாரும் பறக்கலாயினர். 2003-க்குப் பிறகுதான் ரயிலில் உயர் வகுப்பில் போகிறவன் விமானத்தைப் பற்றி நினைக்கும்படியாகக் கட்டணம் கீழே இறங்கியது. 2004-ஆம் வருஷம் நான் முதல் தடவையாகப் பம்பாய்க்குப் பறந்தேன். அதைப் பார்க்க என் பெற்றோர்கள் இல்லை.

அன்றைக்கு எனக்கிருந்த பெருமை சொல்லி முடியாது. காலையில் திருவல்லிக்கேணியில் காபி. மத்தியானம் மாதுங்காவில் சாப்பாடு. வழியில் இருந்த மூன்று நதிகளில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. எல்லாம் மேகத்துக்குக் கீழே போய்விட்டன. அக்கா வாசலில் நின்றாள். "இரண்டே மணி நேரம், அக்கா! இனிமேல் பம்பாய் அடுத்த தெரு மாதிரிதான். நினைத்தால் வந்து நிற்பேன்" என்றேன். அவளும் சந்தோஷப்பட்டாள். "அம்மா இருந்தால் அப்பளக் கூடையை எங்கே வைப்பது என்று கவலைப்பட்டிருப்பாள்" என்றாள்.

நினைத்தால் வந்து நிற்பேன் என்று சொன்னேன் அல்லவா? அங்கேதான் சனி பிடித்தது. நினைத்தால் போகலாம் என்று ஆகிவிட்ட ஊருக்கு, நினைப்பது மட்டும் நடந்துகொண்டிருந்தது. ரயில் காலத்தில் தை மாதமே பிரயாணம் நிச்சயமாகிவிடும். லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், இடம் பதிவு செய்ய வேண்டும், மாவடு போட வேண்டும். இத்தனையும் செய்துவிட்டுப் போகாமல் இருக்க முடியாது. விமானத்துக்கு இவை ஒன்றும் தேவையில்லை. ஆகையால் இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று. அடுத்த மாதமும் பம்பாய் அதே இரண்டு மணி நேரத்தில்தானே இருக்கப் போகிறது? எங்கே ஓடிவிடும்?

பதினைந்து நாள் தங்கினது போய் மூன்று நாளாயிற்று. பிறகு ஒரு கல்யாணத்துக்குப் போய் அன்றிரவே திரும்பினேன். அதையும் ஒரு சாமர்த்தியமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். கடைசியாக 2019-இல் அக்காவின் பேரன் பூணூலுக்குப் போய்வந்தேன். அடுத்த வருஷம் கொள்ளை நோய் வந்தது. 2020 மார்ச் 25 முதல் மே 25 வரையில் உள்நாட்டு விமானங்கள் அடியோடு நின்றிருந்தன. அந்த இரண்டு மாதமும் எனக்கு நல்ல சாக்கு. மற்ற மாதங்களுக்கு என்ன சாக்கு என்று இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், ஒன்றும் அகப்படவில்லை.

2023 ஆடியில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு அக்காவின் பிள்ளை டெலிபோனில் கூப்பிட்டான்.

"மாமா! அம்மாவை ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். மூச்சு விடக் கொஞ்சம் கஷ்டப்பட்டாள். இப்போது தேவலை. நீங்கள் பயப்பட வேண்டாம். சாவகாசமாக வாருங்கள்."

சாவகாசமாக வாருங்கள் என்று சொன்ன குரலில் சாவகாசம் இல்லை. அக்காவுக்கு வயது எழுபத்தைந்து. என் மனைவி ஒன்றும் பேசாமல் பையில் இரண்டு வேஷ்டிகளையும் மருந்து டப்பாவையும் வைத்தாள். என் பிள்ளை தன் கைப்பேசியைத் தட்டி, பிற்பகல் 2-15-க்குப் புறப்படும் விமானத்தில் இடம் பிடித்தான். 4-15-க்குப் பம்பாய். "இரண்டே மணி நேரம் அப்பா, கவலைப்படாதீர்கள்" என்றான். நான் முன்னே சொன்ன அதே வார்த்தை!

இனி வருவது, என் சட்டைப் பையிலிருந்த சிறு நோட்டுப் புத்தகத்தில் அன்றைக்கு நான் குறித்து வைத்த கணக்கு. கவலைப்படும்போது எதையாவது எழுதிக்கொண்டிருப்பது என் வழக்கம்.

வீட்டிலிருந்து கிளம்பியது காலை 10-45. மீனம்பாக்கம் விமான நிலையத்தை அடைந்தது 11-55. பையையும் செருப்பையும் இடுப்பு வாரையும் காட்டிப் பரிசோதனை முடிந்து உட்கார்ந்தது 12-40. அதன் பிறகு சும்மா இருந்தேன். 2-15 வந்தது, விமானம் புறப்படவில்லை. பம்பாயில் பெருமழை, இறங்க வேண்டிய விமானங்கள் வரிசையில் நிற்பதால் இங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அறிவித்தார்கள். 3-25-க்குத்தான் சக்கரங்கள் தரையை விட்டன.

மேலே கிளம்பிய பிறகு விமானி பேசினார். பின்புறமிருந்து நல்ல காற்று தள்ளுவதாகவும், ஆகையால் பம்பாய் வான எல்லையைச் சீக்கிரமாகவே அடைந்துவிடலாம் என்றும் சொன்னார். பக்கத்திலிருந்த வாலிபர் ஒருவர், "ஆடி மாதத்தில் மேல்காற்றுத்தானே அடிக்கும்? நாம் மேற்கே போகிறோமே, எதிர்க் காற்றாக அல்லவா இருக்க வேண்டும்?" என்றார். அவர் சந்தேகம் நியாயமானதே. ஆனால் மழைக் காலத்தில் நம் தலைக்கு மேல் ஒரு வேடிக்கை நடக்கிறது. தரையில் மேல்காற்று வீசுகிறது. மேலே கீழ்க்காற்று வீசுகிறது! பதினாலு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கே தென்கிழக்காசியப் பக்கத்திலிருந்து நம் தென்னாட்டின் மேலாக ஆப்பிரிக்கா வரையில், ஒரு காற்றாறு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. கோடையில் திபெத்துப் பீடபூமி காய்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்தக் காற்றாற்றைப் பற்றி 1958-இல் விரிவாக எழுதி உலகத்தாருக்கு விளக்கியவர், பிற்பாடு இந்திய வானிலை இலாகாவின் தலைமைப் பதவியை வகித்த பி. கோடீசுவரம். விமானங்கள் பத்து, பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் அந்த ஆற்றின் நடுவில் நீந்துவதில்லை. அதன் ஓரத்து இழுப்பு மட்டும் கிடைக்கிறது. அதுவே சில நிமிஷங்களை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. வாலிபருக்கு இதைச் சொன்னேன். அவர் வியந்தார். அந்த நேரத்துக்கு எனக்கும் மனம் சற்று இலேசாயிற்று.

மேலே காற்றுக் கொடுத்ததைக் கீழே மழை பிடுங்கிக்கொண்டது. பம்பாய் நிலையத்தில் ஓடுபாதை இரண்டு உண்டு. ஆனால் ஒன்றையொன்று கத்தரிபோல் வெட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆகையால் பெயருக்கு இரண்டானாலும் ஒரு சமயத்தில் உபயோகப்படுவது ஒன்றுதான். அந்த ஒன்றுக்காக எத்தனையோ விமானங்கள் காத்திருந்தன. எங்கள் விமானமும் மேகத்துக்குள் வட்டமிடத் தொடங்கிற்று. ஒரு வட்டம், இரண்டு வட்டம், ஐந்து வட்டம். கீழே எங்கேயோ அக்கா இருக்கிறாள். பத்து, பதினைந்து மைலுக்குள்ளேதான் இருக்கிறாள். ஆனால் இறங்க முடியாது. திருவல்லிக்கேணிக் கோவிலில் பிரதட்சிணம் செய்வதுபோல் அவளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம் அப்படிச் சுற்றினோம்.

தரையைத் தொட்டது 5-35. வெளியே வந்து டாக்ஸி ஏறியது 6-20. ஆஸ்பத்திரிக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர். தெருவெல்லாம் தண்ணீர். டாக்ஸிக்காரர் மனிதத் தன்மை உள்ளவர்; "ஆஸ்பத்திரியா, சேட்?" என்று ஒரு தடவை கேட்டவர், பிறகு என்னால் ஆனதைச் செய்கிறேன் என்பது போல் சந்து பொந்துகளில் எல்லாம் புகுந்து பார்த்தார். இருந்தும் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது 7-50. ஆயிரத்து முப்பது கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம், தொண்ணூறு நிமிஷம், கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்கும் ஆயிற்று. வீட்டுப் படியிலிருந்து ஆஸ்பத்திரிப் படிக்கு ஒன்பது மணி ஐந்து நிமிஷம்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. அக்காவின் பிள்ளை வாசல் காவற்காரரிடம் மராத்தியில் கெஞ்சினான். "ஐந்தே நிமிஷம்" என்று உத்தரவாயிற்று.

அக்கா மெலிந்து போயிருந்தாள். மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தவள், காலடிச் சத்தம் கேட்டுத் திறந்தாள். என்னைக் கண்டதும் கையை அசைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்போது கிளம்பினாய்?" என்று மெல்லக் கேட்டாள்.

"இன்றைக்குத்தான், அக்கா. உடனே ஓடி வந்துவிட்டேன். என்ன பிரமாதம்? இரண்டே மணி நேரம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒன்பது மணி நேரக் கணக்கு என் சட்டைப் பையில் இருந்தது. பழக்கத்தினால் வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

அக்கா சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்கு வகுப்பில் தப்பாக விடை சொன்ன தம்பியைப் பார்த்து அந்த நாளில் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"இரண்டு மணி நேரந்தானா?" என்றாள். "அப்படியானால் வருவதற்கு நாலு வருஷம் ஏண்டா ஆயிற்று?"

நான் என்ன பதில் சொல்வேன்? காவற்காரர் கதவைத் தட்டினார். ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது.

அன்றிரவு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். விமானம் காற்றில் இருந்த நேரம், தெருவில் போன நேரம், வரிசையில் நின்ற நேரம் எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. நாலு வருஷத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு போட்டு, 'மொத்தம்: நாலு வருஷம் ஒன்பது மணி ஐந்து நிமிஷம்' என்று எழுதினேன். அதுதான் சென்னைக்கும் பம்பாய்க்கும் உள்ள தூரம் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

இதனால் ஆகாய விமானத்தின் மேல் நான் குற்றம் சாட்டுவதாக நேயர்கள் எண்ணக் கூடாது. நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். அன்று காலையில் சேதி கேட்டவன் அன்றிரவே அவள் கையைப் பிடித்தேன் என்றால், அது விமானத்தின் தயவுதான். ரயிலில் ஏறியிருந்தால் அந்நேரம் பாதி வழிகூடப் போயிருக்க மாட்டேன். என் தகப்பனார் காலத்தில் தந்தி வந்து, ரயில் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துபோன குடும்பங்கள் எத்தனை! விமானக் கம்பெனியார் அட்டவணையில் அச்சிட்ட இரண்டு மணி நேரமும் பொய்யில்லை. தரையில் ஊர்வது, மேலே ஏறுவது, இறங்குமுன் காத்திருப்பது எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். வெறும் பறப்புக்கு ஒன்றரை மணி போதும். அவர்கள் அளந்தது விமானம் போகிற நேரத்தை. நான் போகிற நேரத்தை அவர்கள் எப்படி அளப்பார்கள்? அந்தச் சிறிய எண்ணை எடுத்து, 'எப்போது வேண்டுமானாலும் போகலாம்' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டது நான். அதில் பாதியையாவது 'இப்போதே போகலாம்' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கக் கூடாதா?

பகவான் கிருபையால் அக்கா பிழைத்துக்கொண்டாள். எட்டாம் நாள் மாதுங்கா வீட்டுக்கு அழைத்து வந்தோம். நான் மேலும் பதினொரு நாள் இருந்தேன். அந்தப் பழைய இரண்டு அறைகள் இப்போது இல்லை. இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள். ஆனால் இராத்திரிப் பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. அப்பாவைப் பற்றி, அம்மா நதிகளில் காசு எறிந்ததைப் பற்றி, உப்புத் தூக்கலாகிப் போன மாவடுவைப் பற்றி எல்லாம் பேசினோம். எனக்கு மறந்து போனவை அவளுக்கு நினைவிருந்தன. அவளுக்கு மறந்தவை எனக்கு. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் எங்கள் இளமைப் பிராயம் முழுதாக வருகிறது என்று அப்போது தெரிந்தது.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை போய்வருகிறேன். பஞ்சாங்கம் வந்தவுடனே என் மனைவி இரண்டு இடங்களில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துவிடுகிறாள். அந்த வட்டத்தை மீறி வேறு எந்த வேலைக்கும் ஒப்புக்கொள்ள எனக்கு அதிகாரம் கிடையாது. போகும்போது ரயில்; வரும்போது விமானம். போகிற வழியில் மூன்று நதிகளும் இருக்கின்றன. அம்மாவின் காசுக் கடன் இருக்கிறது.

போன தடவை புறப்படுவதற்கு முந்தின நாள் அக்கா டெலிபோனில் பேசினாள். எந்த வண்டி, எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று கேட்பாள் என்று கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதை எல்லாம் கேட்கவில்லை.

"எத்தனை நாள் இருப்பாய்?" என்றாள்.

"பத்து நாள், அக்கா."

"சரி, அப்படியானால் வா" என்று சொல்லிவிட்டு, டெலிபோனைத் தன் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள்.